தட்டில் அணைவதும் தலையில் அணைவதும்

இரவு பத்தரை மணி இருக்கும். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், வாட்ஸ்அப்பில் இரண்டு படங்களை அனுப்பியிருந்தார். ஒன்று, பெரியப்பாவின் பயாப்சி அறிக்கையின் கடைசிப் பக்கம். இன்னொன்று, யார் யாரோ அனுப்பி அவர் கைக்கு வந்து சேர்ந்த ஒரு செய்தித் துணுக்கு. மூளைக் கட்டியின் செல்களை வளரவும் பரவவும் வைக்கிற மரபணு ஒன்றை ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்களாம். அதை ஒடுக்கினால் செல்கள் பெருகுவதும் நகர்வதும் குறைகிறதாம். கீழே அண்ணன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "நீ இந்த வேலைதானே பார்த்தாய், இதை அணைக்க மருந்து வந்துவிட்டதா?"

உடனே பதில் எழுத வரவில்லை. நாளைக் காலை நேரில் வருகிறேன் என்று மட்டும் அனுப்பினேன். அந்தத் துணுக்கில் இருந்த வாக்கியத்தை ஒரு காலத்தில் நானே தட்டச்சு செய்திருக்கிறேன். மரபணுவின் பெயர் மட்டும் வேறு. இந்தத் துறையில் அது ஓர் அச்சு. 'இன்ன மரபணுவின் செயல்பாட்டைக் குறைத்தபோது கிளியோமா செல்களின் பெருக்கம், நகர்வு, ஊடுருவல் மூன்றும் குறைந்தன.' கிளியோமா என்பது மூளைக் கட்டியில் ஒரு வகை. மரபணுவின் பெயரை மாற்றி வார்த்தால் அடுத்த கட்டுரை தயார். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நோயாளி இருக்கிற வீட்டில் அதைப் படிப்பவர்களுக்கு அது என்ன சொல்வதாகத் தோன்றுகிறதோ, அதை அந்த வாக்கியம் சொல்லவே இல்லை.

'நகர்வு குறைந்தது' என்பதை எப்படி அளக்கிறோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஓர் ஆய்வகத்தில் திட்ட உதவியாளராக இருந்த இரண்டு வருடமும் என் அன்றாடப் பிழைப்பே அதுதான். ஆறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. குழிக்குள் இளஞ்சிவப்பு நிற ஊட்டத் திரவம். அடியில் செல்கள் தரையோடு ஒட்டி, பாய் விரித்தது போல் விளிம்புவரை நிறைந்திருக்கும். திரவத்தை அளந்து உறிஞ்சும் பைபெட்டின் மஞ்சள் முனை ஒன்றை எடுத்து, குழியின் குறுக்கே ஒரே இழுப்பில் ஒரு கோடு இழுக்க வேண்டும். கை நடுங்கினால் கோடு வளையும். அழுத்தினால் பிளாஸ்டிக்கே கீறிவிடும். முதல் மாதம் நான் போட்ட கோடுகள் எல்லாம் ஆற்றுப் படுகை வரைபடம் போலத்தான் இருந்தன. கோடு போன வழியில் செல்கள் பெயர்ந்துவிடும். மிதப்பவற்றைக் கழுவிவிட்டு நுண்ணோக்கியில் ஒரு படம். பிறகு தட்டு 37 டிகிரி இன்குபேட்டருக்குள் போகும். 24 மணி நேரம் கழித்து அதே இடத்தில் இன்னொரு படம். இரு கரையிலிருந்தும் செல்கள் கால் நீட்டிக்கொண்டு நடுவெளியில் இறங்கியிருக்கும். மரபணுவை ஒடுக்கிய குழியில் மட்டும் கோடு பாதி திறந்தே கிடந்தால் நகர்வு குறைந்தது என்று எழுதிக்கொள்வோம்.

இதில் முதல் நாளே எனக்கு ஒரு சந்தேகம். கோடு மூடியது செல்கள் நடந்து வந்ததாலா, கரையில் இருந்தபடியே குட்டி போட்டுப் பெருகியதாலா? நல்ல ஆய்வகங்கள் செல் பிரிவதை மருந்து கொடுத்து நிறுத்திவிட்டுத்தான் கோடு போடும். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. வளர்ச்சி ஒன்று, பரவல் ஒன்று. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கோத்துச் சொல்வது எவ்வளவு சுலபமோ, பிரித்து அளப்பது அவ்வளவு கஷ்டம். இந்தக் கதை முழுவதும் அந்தக் கஷ்டம்தான் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

ஊடுருவலை அளக்க இன்னொரு கருவி. அடியில் சல்லடை போட்ட சின்னக் கிண்ணம். துளைகள் எட்டு மைக்ரான் அகலம். சல்லடை மேல் மேட்ரிஜெல் என்ற கூழைப் பூசி, அதன்மேல் செல்களை விட்டு, கீழே தூண்டில் இரையாகக் கன்றுக் கருவின் சீரத்தை வைப்போம். மறுநாள் எத்தனை செல்கள் கூழைக் கரைத்துக்கொண்டு மறுபக்கம் வந்திருக்கின்றன என்று ஊதாச் சாயம் ஏற்றி எண்ண வேண்டும். அந்தக் கூழ் எலியின் ஒரு புற்றுக் கட்டியிலிருந்து எடுக்கப்படுவது. லாமினின், நான்காம் வகைக் கொலாஜன் என்ற புரதங்கள் நிறைந்தது. மூளையில் இவை ரத்தக் குழாய்களைச் சுற்றியும் மேலுறையை ஒட்டியும்தான் பெரும்பாலும் உண்டு. மற்ற இடங்களில் செல்களுக்கு நடுவே இருப்பது ஹயலுரோனிக் அமிலம் மிகுந்த வேறொரு மெத்தை. ஆக, நாங்கள் எண்ணியது எலிப் புற்றின் கூழைத் துளைக்கும் திறமையை.

இனி, துளைத்தவர் யார் என்பது. ஒரே கட்டியிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவரும் செல்களைச் செல் வரிசை என்போம். உலகெங்கும் இந்தச் சோதனைகளில் அதிகம் புழங்கிய செல் வரிசைகளில் ஒன்று யு87. 1960களில் சுவீடனின் உப்சாலா நகரில் ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்டது. செல் வங்கி வழியாக உலகம் சுற்றியது. 2016இல் உப்சாலா ஆய்வாளர்களே தங்கள் பழைய இருப்பையும் வங்கி விற்கும் யு87ஐயும் மரபணு அடையாளம் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே ஆளுடையவை அல்ல! எங்கோ, எப்போதோ குப்பி மாறியிருக்கிறது. வங்கியில் இருப்பதும் மூளைக் கட்டியிலிருந்து வந்த செல்தான் போலிருக்கிறது என்பது ஆறுதல். யாருடையது என்று மட்டும் தெரியாது. நான் கோடு இழுத்துக்கொண்டிருந்ததும் அந்த முகவரியற்ற செல்கள்மேல்தான். இன்னொரு வேடிக்கை: யு87ஐ எலியின் மூளையில் வைத்தால் அது எலுமிச்சங்காய் போல உருண்டு திரண்டு வளர்கிறது, சுற்றுப்புறத்துக்குள் பெரிதாக ஊடுருவுவதில்லை. ஊடுருவலை ஆராய நாங்கள் தேர்ந்தெடுத்த செல்லின் லட்சணம் இது.

பெரியப்பாவின் தலைக்குள் இருந்தது அப்படிப்பட்டதல்ல. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு நாள் கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு வந்தபோது இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்றே அவருக்குத் தெரியவில்லை. தார் ரோட்டில் வெயிலில் அப்படியே நடந்து வந்திருக்கிறார். எம்ஆர்ஐ படத்தில் வலது பக்கம் வெள்ளை மோதிரம் போல ஒரு வளையம், நடுவில் கருமை. அறுவை சிகிச்சை நடந்தது. அறிக்கை வந்தது: கிளியோபிளாஸ்டோமா, கிளியோமாக்களில் மிகக் கொடியது. ஐடிஎச் மரபணு மாறாமல் இருக்கிறது, இஜிஎஃப்ஆர் மரபணுவின் பெருக்கம் உள்ளது, எம்ஜிஎம்டி மரபணு மூடப்படவில்லை. அண்ணன் கைப்பேசியில் வட்டம் போட்டு அனுப்பியிருந்தது இந்த நடு வார்த்தையைத்தான்.

இஜிஎஃப்ஆர் என்ற இந்த மரபணுவின் கதை மூளையில் தொடங்கவில்லை, எலிக்குட்டியின் கண்ணிமையில் தொடங்குகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், 1950களில், ரீட்டா லெவி-மொன்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் நரம்பை வளர்க்கும் ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் அது நிறைய இருந்தது. அந்தச் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தியபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. இரண்டு வாரம் ஆகும் முன்னால் திறக்காத கண்கள் ஒரே வாரத்தில் திறந்துகொண்டன. பற்களும் முந்தி முளைத்தன. வேறு யாராவது என்றால் அழுக்குக் கலந்த சாறு என்று கொட்டியிருப்பார்கள். கோஹன் அதன் பின்னால் போனார். 1962இல் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து எழுதினார். தோலின் மேலடுக்குச் செல்களைப் பெருகச் செய்யும் 53 அமினோ அமிலச் சங்கிலி அது, பெயர் இஜிஎஃப். 1986இல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்த இஜிஎஃப் வந்து உட்காரும் நாற்காலிதான் இஜிஎஃப்ஆர் என்ற ஏற்பி.

ஏற்பி செல்லின் சவ்வைக் குத்திக்கொண்டு நிற்கிறது. தலை வெளியே, வால் உள்ளே. வெளியே இஜிஎஃப் வந்து உட்கார்ந்ததும் பக்கத்து ஏற்பியோடு ஜோடி சேரும். உள்ளே வால்கள் ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து செய்தி கிளை பிரிந்து ஓடும். ஒரு கிளை செல்லின் உட்கருவுக்குப் போய் 'பிரிந்து பெருகு' என்கிறது. இன்னொரு கிளை செல்லின் எலும்புக்கூடு போன்ற ஆக்டின் இழைகளைக் கலைத்து அடுக்கி 'கிளம்பு' என்கிறது. வளர்ச்சிக்கும் பரவலுக்கும் ஒரே வாசல். பத்திரிகைக்காரர்கள் இந்த இடத்தில்தான் மயங்கிப்போகிறார்கள், நானும் மயங்கியிருக்கிறேன். வாசல் ஒன்றுதானே, இழுத்துச் சாத்திவிட்டால் போதாதா?

இது புற்றுநோயோடு தொடர்புடையது என்பதைக் காட்டிக்கொடுத்தது ஒரு கோழி வைரஸ். கோழிகளுக்கு ரத்தப் புற்றை உண்டாக்கும் அந்த வைரஸ் சுமந்துகொண்டிருந்த மரபணுவும் மனிதனின் இஜிஎஃப்ஆரும் ஒரே குடும்பம் என்று 1984இல் லண்டனில் மைக்கேல் வாட்டர்ஃபீல்டின் குழுவினர் கண்டார்கள். வைரஸ் திருடி வைத்திருந்தது தலை வெட்டப்பட்ட ஏற்பி. அடுத்த வருடமே, மூளைக் கட்டிகள் சிலவற்றில் இந்த மரபணு அளவுக்கு மீறிப் பெருகியிருப்பது தெரிந்தது.

பெருகியிருப்பது என்றால் எப்படி என்று கண்ணால் பார்த்தால்தான் புரியும். ஒளிரும் சாயம் ஏற்றிய துண்டுகளைக் கட்டியின் சீவல்மேல் ஒட்டவைத்து இருட்டு அறையில் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஏழாவது குரோமோசோமின் நடுப்பகுதி பச்சைப் புள்ளி. இஜிஎஃப்ஆர் சிவப்புப் புள்ளி. சரியான செல்லில் இரண்டு பச்சை, இரண்டு சிவப்பு. பெருக்கம் உள்ள செல்லில் பச்சை இரண்டோ மூன்றோதான் இருக்கும். சிவப்பை எண்ண முடியாது. குங்குமத்தைக் கொட்டிவிட்டது போல நீல உட்கருவுக்குள் இறைந்து கிடக்கும். பத்துக் கிளியோபிளாஸ்டோமாக்களில் ஏறத்தாழ நான்கில் இந்தப் பெருக்கம் உண்டு. அவற்றில் கிட்டத்தட்டப் பாதியில் கூடுதலாக ஒரு சேதம்: மரபணுவின் இரண்டு முதல் ஏழு வரையான எக்ஸான்கள் எனும் துண்டுகள் உதிர்ந்து, 267 அமினோ அமிலங்கள் குறைந்த ஏற்பி உருவாகிறது. இஜிஎஃப் உட்கார இடமே இல்லாத நாற்காலி. ஆனாலும் உள்ளே மெலிதாக, ஓயாமல் செய்தி போய்க்கொண்டே இருக்கும். கோழி வைரஸின் தந்திரமேதான்.

இந்தச் செல்களைத் தட்டில் சீரம் ஊற்றி வளர்த்தால் என்ன ஆகும் தெரியுமா? சில தலைமுறைகளில் இஜிஎஃப்ஆர் பெருக்கம் மறைந்துபோகிறது. வயிறு நிறையச் சாப்பாடு கிடைக்கும் இடத்தில் அந்தச் சுமையைத் தூக்கித் திரிய வேண்டிய அவசியம் இல்லை. மூளைக்குள் கட்டியை நடத்திய மரபணு தட்டுக்கு வந்ததும் இறங்கிப் போய்விடுகிறது. மிச்சமிருப்பவற்றை வைத்துக்கொண்டு நாம் முடிவு எழுதுகிறோம்.

சரி, தலைக்குள் பரவுவது எப்படி இருக்கும்? பால்டிமோரில் வால்டர் டாண்டி என்ற மூளை அறுவை நிபுணர் 1928இல் செய்ததைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. வலது மூளையில் இந்தக் கட்டி வந்து, இடது கை கால் ஏற்கெனவே செயலிழந்துபோன சிலருக்கு, வலது பெருமூளை அரைக்கோளத்தையே மொத்தமாக எடுத்துவிட்டார். கட்டி, சுற்றுப்புறம், சந்தேகத்துக்குரிய எல்லாம் போயிற்று. இருந்தும் எஞ்சிய பக்கத்தில் கட்டி மறுபடி வந்தது. கத்தி வைக்கும் முன்னரே செல்கள் மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நடுப்பாலத்தைக் கடந்து அக்கரை சேர்ந்திருந்தன.

எந்த வழியாகப் போகின்றன என்று 1930களின் இறுதியில் வரைந்து காட்டியவர் ஹான்ஸ் யோவாக்கிம் ஷெரர். ஆண்ட்வெர்ப்பில் வேலை பார்த்த ஜெர்மானியர். வெள்ளை நரம்பிழைகளின் ஓரமாக, ரத்தக் குழாய்களை ஒட்டி, நியூரான்கள் எனும் நரம்புச் செல்களைச் சூழ்ந்துகொண்டு, மூளையின் மேலுறைக்கு அடியில் என நான்கு வழிகள். இன்றும் அவற்றுக்கு அவர் பெயர்தான். அதே மனிதர் பிறகு போர்க்காலத்தில் பிரெஸ்லாவில், நாஜிகளின் திட்டத்தில் கொல்லப்பட்ட குழந்தைகளின் மூளைகளை ஆராய்ந்தார் என்பதையும் சொல்லாமல் அவர் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கட்டி நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ போவது மிக அபூர்வம். அது பெரும்பாலும் மூளையை விட்டு வெளியே போகாது. மூளைக்குள் எங்கும் போகும். எம்ஆர்ஐயில் தெரியும் வெள்ளை மோதிரம் கூட்டம் கூடிய சந்தை மட்டும்தான். சந்தையைக் காலி செய்த பிறகும் ஒற்றையடிப் பாதைகளில் ஆள் நடமாட்டம் இருக்கும். அது படத்தில் விழாது. பெரியப்பாவுக்கு அறுவை செய்த மருத்துவர் "தெரிந்ததை எல்லாம் எடுத்துவிட்டேன்" என்றார். அண்ணன் அதில் 'எல்லாம்' என்பதைக் கேட்டுக்கொண்டு சிரித்தார். நான் 'தெரிந்ததை' என்பதைக் கேட்டுக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

இஜிஎஃப்ஆரின் செயல்பாடு இந்த நடமாட்டத்தை ஏவுகிறதா என்பதற்கு எனக்குத் தெரிந்து நேர்மையான விடை கொடுத்த ஆய்வுகளில் ஒன்று, நார்வேயின் பெர்கன் நகரத்தவர் 2013இல் வெளியிட்டது. தட்டுச் செல்களை அவர்கள் நம்பவில்லை. மனிதக் கட்டியின் துணுக்குகளையே விலங்கின் மூளைக்குள் வைத்து வளர்த்தார்கள். இஜிஎஃப்ஆர் பெருகி, விழித்தும் இருக்கும் கட்டிகள் புது ரத்தக் குழாய் எதையும் கட்டிக்கொள்ளாமலே மூளைக்குள் நாலாபக்கமும் ஊடுருவின. ஏற்பியைத் தற்காலிகமாக அடைத்தபோது ஊடுருவல் குறைந்தது. துணுக்கு எழுதுபவர்கள் இங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிடுவார்கள். ஆனால் ஏற்பியை நிரந்தரமாக முடக்கிவைத்தபோது, கட்டி செத்துப்போகவில்லை. நடையை நிறுத்திவிட்டு, ஓரிடத்தில் கூடி, ரத்தக் குழாய்களைக் கட்டிக்கொண்டு திரண்டு வளர்ந்தது. பரவலை அடைத்தால் வளர்ச்சி வேறு வேடம் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. அந்தக் கட்டுரையைப் படித்த அன்று, என் கோடு போட்ட தட்டுகளின் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மனிதர்களிடம் நடந்ததும் இதே ரீதிதான். ஏற்பியின் வாலை அடைக்கும் எர்லோட்டினிப், ஜெஃபிட்டினிப் மாத்திரைகள் நுரையீரல் புற்றுநோயில் சிலருக்கு அபாரமாக வேலை செய்தன. அங்கே மரபணுவின் கோளாறு வாலில் இருக்கிறது. மூளைக் கட்டியில் கோளாறு தலைப்பக்கம். ஒரே மரபணு, ஒரே பெயர், ஆனால் பூட்டு வேறு. போதாததற்கு ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு மருந்தை அளவாகத்தான் உள்ளே விடும். கிளியோபிளாஸ்டோமாவில் அந்த மாத்திரைகள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

இதைவிடச் சுவாரசியமான காரணம் 2014இல் தெரிந்தது. குங்குமம் போல இறைந்து கிடந்ததே, அந்த இஜிஎஃப்ஆர் நகல்கள் பெரும்பாலும் குரோமோசோமில் இல்லை. வளையல் போன்ற வட்டத் துண்டுகளாகத் தனியே மிதக்கின்றன. குரோமோசோமுக்கு நடுவில் ஒரு கைப்பிடி உண்டு. செல் பிரியும்போது அதைப் பிடித்து இழுத்துத்தான் சரிபாதியாகப் பங்கிடுவார்கள். இந்த வளையல்களுக்குக் கைப்பிடி இல்லை. பங்காளிச் சொத்து கணக்கில்லாமல் பிரிவது போல, ஒரு மகள் செல்லுக்கு நூறு கிடைக்கும், இன்னொருத்திக்குப் பத்துகூடக் கிடைக்காது. பால் மிஷெலின் குழுவினர் எர்லோட்டினிப் கொடுத்துப் பார்த்தார்கள். தலை வெட்டுப்பட்ட ஏற்பியைச் சுமந்த வளையல்கள் செல்களிலிருந்து காணாமல் போயின. கட்டி மருந்துக்கு மசியவில்லை. மருந்தை நிறுத்தினார்கள். வளையல்கள் திரும்பி வந்தன. இதில் அணைப்பதற்கு என்ன இருக்கிறது? நாம் கை வைப்பதற்குள் அதுவே அணைந்துகொள்கிறது.

அந்த வெட்டுப்பட்ட ஏற்பியைக் குறிவைத்து ரிண்டோபெபிமட் என்ற தடுப்பூசியும் வந்தது. 745 பேர் சேர்ந்த மூன்றாம் கட்டச் சோதனை 2016இல் நிறுத்தப்பட்டது. தடுப்பூசி பெற்றவர்களும் பெறாதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு, 20 மாதம் வாழ்ந்திருந்தார்கள். திரும்ப வந்த கட்டிகளைச் சோதித்தபோது, தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர்களில்கூடப் பாதிக்கு மேற்பட்டோரிடம் அந்த ஏற்பி தானாகவே மறைந்திருந்தது. 2024இல் பாஸ்டனில் மூன்றே மூன்று நோயாளிகளுக்கு, மாற்றியமைத்த நோயெதிர்ப்புச் செல்களை நேரடியாக மூளைத் திரவத்துக்குள் செலுத்தி, வெட்டுப்பட்ட ஏற்பியையும் முழு ஏற்பியையும் ஒருசேரத் தாக்கினார்கள். சில நாட்களிலேயே படத்தில் கட்டி சுருங்கியது. ஆனால் மூவரில் இருவருக்கு அது நிலைக்கவில்லை. இதை அண்ணனிடம் சொல்லலாமா வேண்டாமா என்று பஸ்ஸில் போகும்போது யோசித்துக்கொண்டே போனேன்.

காலையில் திண்ணையில் பெரியப்பாவும் இருந்தார். தலையில் தையல் போட்ட இடத்தை மறைக்கத் துண்டு கட்டியிருந்தார். அண்ணன் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, என்னை வைத்துக்கொண்டே பேசுங்கள். என் தலைதானே" என்றார். எனவே அவரிடமே சொன்னேன். மரபணு என்றால் என்ன, அதை ஒடுக்கினால் தட்டில் என்ன ஆகிறது, மூளைக்குள் ஏன் அப்படி ஆவதில்லை என்று. முக்கால் மணி நேரம் ஆயிற்று. வளையல் கதையை அவர் ரசித்துக் கேட்டார்.

"தம்பி, ஒன்று சொல்கிறேன்" என்றார். "எல்சி, அதாவது லைன் கிளியர், கொடுத்துவிட்டோம், லைன் செத்துவிட்டது, ஏறு என்று ஆபீசில் சொல்வார்கள். நான் ஏறியதே இல்லை. எர்த் ராடு போட்ட பிறகுதான் கம்பியில் கை வைப்பேன். ஏன் தெரியுமா? தெருக்கோடியில் எவனாவது வீட்டில் ஜெனரேட்டர் போடுவான். அது பின்பக்கமாக லைனுக்கு ஏறும். மெயினை அணைத்துவிட்டோம் என்று நம்பிக் கை வைத்தவர்கள் எத்தனை பேர் கம்பத்திலேயே தொங்கியிருக்கிறார்கள்."

எனக்குப் பேச்சு வரவில்லை. இரண்டு வருடம் ஆய்வகத்தில் இருந்து நான் கற்றுக்கொண்டதை அவர் முப்பது வருடம் கம்பத்தில் ஏறிக் கற்றுவைத்திருந்தார்.

ஜெனரேட்டர் வைத்திருக்கும் வீடு எது என்று கேட்டார். அதற்கும் ஒரு விடை உண்டு, அதைத்தான் நான் மிகவும் விரும்பிச் சொன்னேன். ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் மோன்ஜெயின் குழுவினர் 2015இல் எலிகளின் மூளையில் ஒரு பகுதி நியூரான்களை ஒளியால் தூண்டினார்கள். அங்கே குடியேற்றியிருந்த மனிதக் கிளியோமா வேகமாக வளர்ந்தது. நியூரான்கள் வேலை செய்யும்போது உதிர்கிற நியூரோலிஜின்-3 என்ற புரதத்தைக் கட்டி தின்று கொழுக்கிறது. 2017இல் அந்தப் புரதத்துக்கான மரபணு இல்லாத எலிகளின் மூளையில் அதே கட்டிகளை வைத்தபோது அவை வளர முடியாமல் தேங்கி நின்றன. கட்டியின் மரபணுவில் யாரும் கை வைக்கவில்லை. பக்கத்து வீட்டு மரபணுதான் இல்லாமல் இருந்தது. என் பிளாஸ்டிக் குழியில் பக்கத்து வீடே கிடையாது.

"அப்படியென்றால் நான் யோசிக்க யோசிக்க அது வளருமா?" என்று பெரியப்பா கேட்டார். எலியில் ஒரு பகுதியை ஒளியால் விடாமல் தூண்டியது வேறு, நீங்கள் செய்தித்தாள் படிப்பது வேறு என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை. சிரித்தார்.

அறிக்கையின் மூன்றாவது வரியை அண்ணன் பிறகு கேட்டார். எம்ஜிஎம்டி மூடப்படவில்லை என்றால் நல்லதுதானே, மூடுவது கெட்டதுதானே என்று. இல்லை. இவ்வளவு மரபணு ஆராய்ச்சியிலும் இன்று சிகிச்சையில் கணக்கில் எடுக்கப்படுவது, வளர்ச்சிக்கும் பரவலுக்கும் நேரடித் தொடர்பில்லாத இந்தப் பழுதுபார்க்கும் மரபணுதான். டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரை கட்டிச் செல்லின் டிஎன்ஏயில் ஒரு கரிமத் துணுக்கை ஒட்டிக் கெடுக்கும். எம்ஜிஎம்டி அதை உரித்து எடுத்துச் சரிசெய்துவிடும். சிலருடைய கட்டியில் இந்த மரபணு தானாகவே மூடிக் கிடக்கும், அவர்களுக்கு மாத்திரை நன்றாகக் கேட்கும். கதிர்வீச்சோடு இந்த மாத்திரையும் சேர்த்துக் கொடுத்த 2005ஆம் ஆண்டுச் சோதனையில் 573 பேர். நடுநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 12.1 மாதத்திலிருந்து 14.6 ஆனது. மரபணு மூடியிருந்து, மாத்திரையும் பெற்றவர்களை மட்டும் பார்த்தால் 21.7 மாதம். அணைந்திருந்தால் உதவியிருக்கக்கூடிய ஒரே மரபணு பெரியப்பாவுக்கு எரிந்துகொண்டிருந்தது. இஜிஎஃப்ஆர் வரியால் பயன் என்னவென்றால், நோய்க்குப் பெயர் வைப்பது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறைப்படி, பெரியவர்களின் ஐடிஎச் மாறாத, திசுவுக்குள் கலந்து வளரும் கட்டியில் இந்தப் பெருக்கம் இருந்தாலே அது கிளியோபிளாஸ்டோமாதான். நுண்ணோக்கியில் சாதுவாகத் தெரிந்தாலும் சரி.

மறுவாரம் கதிர்வீச்சு தொடங்கியது. ஆறு வாரம், முப்பது முறை. மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும் என்பதால் பெரியம்மா விடியற்காலையில் எழுந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அன்று நான் கிளம்பும்போது பெரியப்பா பேனா கேட்டார். அறிக்கையைத் திருப்பி வெற்றுப் பக்கத்தில், நடுங்காத வலது கையால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வரைந்தார். அதிலிருந்து இரண்டு லைன். ஒன்றின் மேல் வளர்ச்சி, இன்னொன்றின் மேல் பரவல் என்று என்னை எழுதச் சொல்லி, இரண்டையும் குறுக்கே அடித்தார். பிறகு தெருக்கோடியில் ஒரு சின்ன வீடு வரைந்து, கூரைக்குக் கீழே ஒரு ஜெனரேட்டர் வரைந்து, அங்கிருந்து கம்பிக்கு ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டின் மேல் பேனா முனையை வைத்தபடி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடிக்காமல் மூடியைப் போட்டுக் கொடுத்தார்.

வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதற்காக அண்ணனும் நானும் அறிக்கையை ஜெராக்ஸ் எடுக்கப் போனோம். கடைக்காரப் பெண் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின்பக்கமும் வேண்டுமா அண்ணா?" என்று கேட்டார். வேண்டும் என்றார் அண்ணன்.